லேபிள் வைத்த ஆடுகள்

போன வாரம் என் மகன் போனில் ஆர்டர் போட்டுக் கிறிஸ்துமஸ் குடில் ஒன்றை வரவழைத்தான். பெட்டியைப் பிரித்தால் மரியாள், யோசேப்பு, பாலகன் இயேசு, நட்சத்திரம் பார்த்து வந்த சாஸ்திரிகள், நாலைந்து ஆடுகள் என்று மொத்தப் பெத்லகேமும் தெர்மாகோலுக்குள் படுத்திருந்தது. நான் வேறு யாரையும் பார்க்கவில்லை. ஓர் ஆட்டை எடுத்து, இடது விலாப் பக்கம் திருப்பி, விரலால் தடவிப் பார்த்தேன்.

"என்னம்மா தேடறீங்க?"

"லேபிள்."

"ஆட்டுக்கு எதுக்கும்மா லேபிள்?"

நியாயமான கேள்விதான். ஆனால் எனக்குத் தெரிந்த ஆடுகளுக்கு லேபிள் உண்டு. கழுத்தில் அளவு லேபிள், விலாவில் எப்படித் துவைக்க வேண்டும் என்று சொல்லும் லேபிள். நம்பாவிட்டால் போங்கள். நான் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

இந்த ஆட்டுக்கு வாசனையும் சரியில்லை. பிளாஸ்டிக் நாற்றம். ஆடு என்றால் எனக்குப் பனியன் துணி வாசனை வர வேண்டும். சாயமும் நீராவியும் மெஷின் எண்ணெயும் கலந்த அந்த வாசனை, நான் பனியன் கம்பெனிக்குப் போன நாட்களில் தலைமுடியில் ஏறிக்கொண்டு வீட்டுக்கு வரும், சோற்றில் கலக்கும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கூடவே வரும். ஜெபத்துக்குக் குனிந்தால் முன்வரிசைத் தலைகளிலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கும். முந்தின நாள் ராத்திரியில் சபை முழுவதற்கும் சேர்த்து நரைத்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும்.

பல்லடத்திலிருந்து குண்டடம் போகிற சாலையில் எங்கள் ஊர். பெட்டிக்கடையில் காயின் போன் இருந்த, செல்போன் இன்னும் எல்லார் கைக்கும் வராத காலம். காலையில் கம்பெனி வேன் ஆரன் அடித்தால் பாதி சபை வேனுக்குள் ஏறிவிடும். எல்லோருக்கும் தையல்தான் பிழைப்பு. ஆனால் யாருக்கும் தைக்கத் தெரியாது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எதிர்வீட்டுச் சரோஜாக்கா ஓவர்லாக் மெஷினில் சட்டைக்குக் கை ஏற்றுபவர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து கைதான் ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் ஏற்றிய கைகளுக்குள் எந்தெந்த நாட்டுக்காரர்களோ கை விட்டிருப்பார்கள். ஆனால் ஒரு முழுச் சட்டை தைக்கச் சொன்னால் கழுத்து எங்கே வரும் என்று நம்மையே கேட்பார். என் அம்மாவுக்குக் கைமடி வேலை, அதாவது தைத்து வரும் துணியை மடித்து அடுத்த மெஷினுக்குக் கொடுப்பது. எங்கள் இரண்டு பேருக்கும் ஜாக்கெட் தைக்க அம்மா பல்லடத்து டெய்லரைத் தேடிப் போவார்.

நான் செக்கிங். தைத்து முடித்த பீஸை விரித்துப் போட்டு, தையல் எங்கே பிசகியிருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். இப்படியொரு வேலை எந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும், நீங்களே சொல்லுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு அதே வேலையைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்களில் முழுசாக ஒரு துணியின் கணக்குத் தெரிந்தவர் ஞானமணி மாமா மட்டும்தான். கட்டிங் மாஸ்டர். ஆளைப் பார்த்தால் முகத்தைப் பார்க்க மாட்டார், தோளைத்தான் பார்ப்பார். இழவு வீட்டில்கூட சவப்பெட்டியைப் பார்த்து, "பெட்டிய லார்ஜா சொல்லியிருக்கலாமுங்க" என்று முணுமுணுத்தவர்.

இனி ஐயர்களுக்கு வருகிறேன். ஐயர் என்றால் எங்களுக்குப் போதகர், அவர் மனைவி ஐயரம்மா. எங்கள் சபையில் ஐயர்கள் தங்குவதேயில்லை. தண்ணீர் உப்பு. ஆடி மாதக் காற்று தட்டில் போட்ட சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டுப் போகும். ஒரு ஐயர் ஆசையாக நட்ட கொய்யாக் கன்று காய்ப்பதற்குள் மூன்று ஐயர்கள் மாறிவிட்டார்கள். கடைசியில் மேலிடத்துக்குச் சலித்துவிட்டது. அடுத்து வருகிறவரும் ஒரு வருஷத்தில் கிளம்பினால் இனி ஆள் போட மாட்டோம், சபையைத் தாராபுரத்தோடு சேர்த்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். சேர்த்துவிட்டால் எங்கள் கோயில் மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் திறக்கும். மற்ற ஞாயிறுகளில் தாராபுரத்துக்குப் பஸ் ஏற வேண்டும்.

சரோஜாக்கா இடிந்துபோனார். "என்ற ஊட்டுக்காரரு கோயிலுக்கு வர்றதே அது வாசலுக்கு எதுத்தாப்ல இருக்கறதாலதானுங்க. பஸ்ஸேறிப் போகோணும்னா அந்தாளு மோட்சத்துக்கே வரமாட்டாரு."

அந்த ஜூன் மாதம் வந்த ஐயர் இளவயது. ஐயரம்மா அவரைவிட இளசு, தெற்கத்திப் பக்கம், கடலோர ஊர். ஒல்லியாக, புத்தகமும் கையுமாக இருப்பார். நாங்கள் மரியாதைக்குக் குறை வைக்கவில்லை. "வாங்க", "சரிங்க", "ஆமாங்க", "இல்லீங்க" என்று ஆளாளுக்குக் கும்பிட்டு ஒதுங்கி நின்றோம். ஒருநாள் பெட்டிக்கடை காயின் போனுக்கு வரிசையில் நின்ற சரோஜாக்கா, முன்னால் ஐயரம்மா அவருடைய அம்மாவோடு பேசுவதைக் கேட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். ஐயரம்மா பேசியதை அப்படியே பேசிக் காட்டினார்.

"'இங்க காத்தும் தூசியுந்தாம்மா. நான் என்ன சொன்னாலும் சரிங்க, ஆமாங்கன்னுட்டுப் போயிருதாவ. பேசுததுக்கு ஒரு ஆளில்ல. ஒரு வருசம் பல்லக் கடிச்சுட்டு இருந்துட்டு வந்துருதோம்'னு சொல்லுதுங்க. சொல்லிப்போட்டுக் கண்ணத் தொடைக்குது."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஐயரம்மா எழுந்து நின்று, சின்னக் குரலில், இனி ஞாயிறு மத்தியானம் பெண்களுக்குக் கைவேலை வகுப்பு நடக்கும் என்று அறிவித்தார். துணிப் பூ, ரிப்பன் ரோஜா, ஒயர் கூடை எல்லாம் செய்யலாமாம். எங்கள் முகங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாரத்தில் ஆறு நாள் ஊசிக்கும் நூலுக்கும் நடுவில் கிடந்தவர்களுக்கு இருப்பதே அந்த ஒரு மத்தியானம். துணி துவைக்கவும், தலைக்குக் குளிக்கவும், அப்படியே சுருண்டு தூங்கவும்.

குழாயடியில் கூட்டம் போட்டோம். "ஆறு நாளு தெச்சது பத்தாதாக்கும்?" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். சரோஜாக்கா கையைக் காட்டி நிறுத்தினார். "ஐயரம்மாளுக்கு அதுல ஒரு பிரியம். ஊருல ஒண்ணாச்சும் அதுக்குப் புடிச்சிருந்தா இருந்துக்கும். ஒருத்தி உடாம வரோணும். மொகத்தச் சுளிச்சீங்கன்னா நல்லாருக்காது, ஆமா."

போனோம். ஒருத்தி விடாமல் போனோம். ரிப்பன் ரோஜா என்று ஐயரம்மா செய்து காட்டியது முட்டைக்கோஸ் மாதிரி வந்தது. "அருமைங்க" என்றோம். நாங்கள் செய்தது அதைவிட மோசம். "ரொம்ப நல்லாருக்கு" என்றார் அவர். கோயில் வளாகத்துக்குள் உட்கார்ந்து இவ்வளவு பொய் சொன்ன சபை வேறெங்கும் இருந்திருக்காது. நடுநடுவே ஐயரம்மா மடியிலிருந்த புத்தகத்தைக் குனிந்து பார்ப்பார். வேதவசனம் என்று நினைத்துக்கொண்டோம். எங்கள் அம்மா அந்த முட்டைக்கோஸில் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஐயரம்மா என்றாவது வீட்டுக்கு வந்தால் கண்ணில் படட்டும் என்று வாசல் நிலையிலேயே தொங்கவிட்டார். வந்துபோகிறவர்களெல்லாம் திருஷ்டிக்கா என்று கேட்டார்கள்.

எனக்கு ஒயர் கூடை. அடிப்பாகம் பின்னி முடிப்பதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. அதையும் நான் பின்னவில்லை, பின்னியதில் குறை கண்டு கண்டு பிரித்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் நெருங்கியது. குடிலில் வைக்கும் பழைய மண் ஆடுகளுக்குக் காலே இல்லை. வைக்கோலில் புதைத்து வைத்துச் சமாளித்து வந்தோம். முன்பு ஒரு வருஷம் நிஜ ஆட்டுக்குட்டியையே கட்டிப் பார்த்தாயிற்று. அது முதலில் குடிலின் கூரையைத் தின்றது, பிறகு யோசேப்பின் அங்கியைப் பாதி தின்றது. அதனால் ஐயரம்மா, "துணியில நாமளே ஆடு தச்சா என்ன?" என்றார்.

தையல் என்றதும் ஞானமணி மாமா களத்தில் இறங்கிவிட்டார். பெண்கள் வகுப்பு என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை. வீட்டு ஷெட்டில் சும்மா கிடந்த ஓவர்லாக் மெஷினை டெம்போவில் ஏற்றிக் கோயில் பின்கட்டுக்குக் கொண்டுவந்தார். வெள்ளை ஃபிளீஸ் துணி ஒரு மூட்டை, உள்ளே அடைக்கக் கட்டிங் வேஸ்ட் ஒரு மூட்டை. பிறகு துணிமேல் ஒரு பேட்டர்ன் அட்டையை வைத்துக் கோடு இழுத்தார். எட்டிப் பார்த்தேன். குழந்தைகளின் குல்லா வைத்த ஸ்வெட்டர் பேட்டர்ன்.

"மாமா, இது கொழந்த சட்டையாட்ட இருக்குதுங்க."

"ஏங்கண்ணு, ஆட்டுக்கு ஒடம்பு இருக்குது, கழுத்து இருக்குது, முன்னங்கால் ரெண்டு இருக்குது. கொழந்தைக்கும் அதேதானே? குல்லாய்ல பஞ்ச அடைச்சா தலை. பின்னங்கால அப்பறமாப் பாத்துக்கலாம்."

அவருக்கு வேறு உருவம் தெரியாது. சிங்கத்தைச் செய்யச் சொல்லியிருந்தாலும் காலர் வைத்துத்தான் வெட்டியிருப்பார். எங்களுக்கும் தெரியாது. ஆனால் வேலை கம்பெனி லைன் மாதிரி ஓடியது. ஒருத்தி தோள் ஜாயின்ட் அடித்தாள், சரோஜாக்கா முன்னங்கால்களைச் சட்டைக் கை ஏற்றுவதுபோல ஏற்றினார், அம்மா மடித்துக் கொடுத்தார். கழுத்துக்கு ரிப், அதாவது இழுத்தால் விரியும் பட்டி, வைத்தார்கள். ஆட்டுக்குக் கழுத்து ரிப் எதற்கு என்று யாருக்கும் தோன்றவில்லை. ரிப் இல்லாத கழுத்தை அவர்கள் பார்த்ததே இல்லை. கழுத்தென்று இருந்தால் லேபிள் வேண்டுமே, அதையும் வைத்தார்கள், விலாவில் துவைக்கும் முறை லேபிளையும் வைத்தார்கள். முகம் மட்டும் கையால் தைப்பது. கண்ணுக்குப் பொத்தான் வைப்பதை ஒவ்வொருத்தியும் ஓர் ஆடு எடுத்துக்கொண்டு செய்தாள்.

முடித்ததெல்லாம் என் மேஜைக்கு வந்தது. மத்தியானம் முழுக்கத் தலை நிமிராமல் பார்த்தேன். வலது காது அரை இன்ச் இறக்கம், ஒரு ஸ்டிக்கர். விலாத் தையலில் நூல் பிசிர், ஒரு ஸ்டிக்கர். அடுத்து ஓர் ஆடு வந்தது. இரண்டு கண்ணும் ஒரே பக்கம். ஒன்று என்னைப் பார்த்தது, இன்னொன்று பரலோகத்தைப் பார்த்தது. கை தன்னால் போய் இரண்டு கண்ணுக்கும் நடுவில் அம்பை ஒட்டிவிட்டது. வாயும் கம்பெனிப் பழக்கத்தில் திறந்துகொண்டது.

"இது யாருது? ரிஜெக்ட்."

மெஷின் நின்றது. சரோஜாக்கா என் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினார். வலியில் நிமிர்ந்தால் ஐயரம்மா எதிரில் நிற்கிறார், கையில் ஊசியோடு.

அவர் அந்த ஆட்டை எடுத்துப் பார்த்தார். ஸ்டிக்கரைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை ஆட்டில் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அவ்வளவுதான், தாராபுரம் பஸ் வந்து நின்றுவிட்டது என்று நினைத்தேன். ஆறு மாதமாகச் சபையே சேர்ந்து கட்டிக்காத்ததை ஒரு ஸ்டிக்கரால் கெடுத்துவிட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

ஐயரம்மா தலை தூக்கினார். கண்ணெல்லாம் தண்ணீர். அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார். அடக்கிப் பார்த்து முடியாமல் விக்கி விக்கிச் சிரித்தார்.

"எனக்கு ஊசில நூலு கோக்கவே வராதுக்கா. பள்ளிக்கூடத்துலயே கைவேலைக்கு எங்கம்மதான் செஞ்சு குடுப்பாவ. ஐயருதான், திருப்பூர்ப் பக்கத்துப் பொம்பளையளுக்குத் தையல்னா உசுரு, அத வச்சுப் பழகுனாத்தான் ஒட்டுவாவன்னு சொன்னாவ. ராத்திரிப் பூரா புஸ்தகத்தப் பாத்துப் படிச்சுட்டு வந்து உங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன்."

அந்த மடிப் புத்தகம் வேதவசனம் அல்ல என்று அப்போதுதான் தெரிந்தது.

சரோஜாக்கா அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, "ஏனுங்க, அப்ப எங்களுக்காகவா இத்தன நாளு இதப் பண்ணுனீங்க?" என்றார்.

"பின்ன? உங்களுக்குப் பிடிக்கும்னுதான."

"எங்களுக்கா? நூலக் கண்டாலே ஆகாதுங்க எங்களுக்கு. உங்களுக்குப் பிரியம்னுதான் நாங்க வந்தோம்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் சிரித்தது என் அம்மா. அதன்பிறகு யார் யார் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஞானமணி மாமா மட்டும் ஒன்றும் புரியாமல், "சைஸ் கரெக்டாத்தானே இருக்குது?" என்று ஆட்டை அளந்துகொண்டிருந்தார். ஐயரம்மா என் பக்கம் திரும்பி, அம்பைத் தொட்டுக் காட்டி, "ஏட்டி, உண்மையச் சொன்னவ நீ ஒருத்திதான்" என்றார்.

ஏட்டி. அவர்கள் ஊரில் வீட்டுப் பெண்ணை உரிமையாகக் கூப்பிடுவது. எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டுவிட முடியாது, சண்டை வந்துவிடும். வீட்டுக்குத் திரும்பும்போது சரோஜாக்கா என் தோளைத் தட்டினார். "உன்னய ஏட்டின்னு கூப்புட்டுச்சல்லோ, இனி எங்கயும் போகாது."

வகுப்பு அன்றோடு ரத்து. ஐயரம்மாவே சொல்லிவிட்டார், நாங்களும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டோம். அடுத்த ஞாயிறு மத்தியானம் துணியை ஊற வைத்துவிட்டு, ஆட்டுக்குப் பின்னங்கால் என்னவாயிற்று என்று ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் எனக் கோயிலுக்குப் போனேன். சரோஜாக்கா ஏற்கெனவே மெஷினில் உட்கார்ந்திருந்தார். அம்மா எனக்குத் தெரியாமல் முன்னாலேயே வந்திருந்தார். ஐயரம்மா முறுக்குத் தட்டோடு நடுவில் இருந்தார். யாரும் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. பழைய டிராக் பேன்ட்டின் கால்களை வெட்டிப் பின்னங்கால் வைத்தோம். எலாஸ்டிக் இருந்ததால் ஆடுகள் காலைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்தன. சரோஜாக்கா வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் ஆட்டைத் தலை முதல் வால் வரை தானே தைத்தார். தைத்து முடித்து அதைத் தூக்கிக்கொண்டு எதிரே வீட்டுக்கு ஓடி, தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரரை எழுப்பிக் காட்டிவிட்டு வந்தார். என்ன சொன்னார் என்று கேட்டோம். "நாயா பன்னியான்னு கேக்கறாருங்க" என்றார், முகமெல்லாம் பூரிப்பாக. உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

பண்டிகைக்குத் தாராபுரத்துப் பெரிய ஐயர் வந்தார். சபையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் அவர்தான். குடில் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"இவங்கெல்லாம் யாருங்க, மேய்ப்பர்களா?"

"ஆடுங்க ஐயா" என்றார் சரோஜாக்கா.

பெரிய ஐயர் ஒன்றைக் கையில் எடுத்தார். குல்லாவைத் தொட்டார். கழுத்து லேபிளைப் படித்தார். "பதினெட்டிலிருந்து இருபத்திநாலு மாசம்னு போட்டிருக்குதே?"

"குட்டியோட வயசுங்க" என்றார் ஞானமணி மாமா, சற்றும் தயங்காமல்.

பெரிய ஐயருக்குச் சிரிப்பை மறைக்கக் கைக்குட்டை தேவைப்பட்டது. பிறகு ஐயரம்மாவிடம், "இந்த ஊர் எப்படிம்மா, முடியுதா?" என்று கேட்டார். ஐயரம்மா எங்களைப் பார்த்தார். "முடியுதுங்க" என்றார். எங்கள் 'ங்க' அவர் வாயில் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. கோணலாக இருந்தால் என்ன, நான் அன்று ஸ்டிக்கர் எடுத்துப் போகவில்லை.

ஒரு வருஷம் என்று வந்தவர்கள் ஏழு வருஷம் இருந்தார்கள். கொய்யா காய்த்துப் பழுத்து அவர்களே தின்றார்கள். மாற்றலாகிப் போகும்போது ஐயரம்மா இரண்டு கண்ணும் ஒரே பக்கம் இருந்த அந்த ஆட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார், அம்போடு.

இப்போது அந்தக் கோயில் இல்லை. டைல்ஸ் போட்டுப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள். கொய்யா நின்ற இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். குடில் கான்ட்ராக்ட்டில் வருகிறது. ஆடுகள் கரன்ட்டில் தலையாட்டுகின்றன. பெண்கள் சங்கம் வாட்ஸ்அப்பில் நடக்கிறது. கம்பெனி கைமாறிவிட்டது, வேன் வருவதில்லை. ஞானமணி மாமா காலமாகிவிட்டார். அவருக்குப் பெட்டி சொல்லப் போனவர்களிடம் சரோஜாக்கா அழுதுகொண்டே, "லார்ஜே சொல்லுங்க" என்றார். அவரும் இப்போது மகள் வீட்டோடு தாராபுரத்தில் இருக்கிறார். வீட்டுக்காரரும் கூடவே பஸ் ஏறிக் கோயிலுக்குப் போகிறாராம். எங்கள் ஆடுகளைப் பழைய கோயிலை இடித்தபோது மூட்டை கட்டி வெளியே வைத்திருந்தார்கள். பனியன் வேஸ்ட் எடுக்க வந்தவர் தெரியாமல் அதையும் சேர்த்து எடுத்துப்போய்விட்டார். மில்லில் அரைத்துப் பஞ்சாக்கி மறுபடி நூலாக்கியிருப்பார்கள். யாரோ போட்டுக்கொண்டிருப்பார்கள்.

மகன் போன பிறகு அந்தப் பிளாஸ்டிக் ஆட்டை இன்னொரு தரம் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். காது, கண், கால், விலா. எங்கேயும் ஒன்றும் இல்லை. தெற்கே ஐயரம்மாவுக்குப் போன் போட்டேன். ஆடு அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல்தான் இருக்கிறதாம். அம்பின் சிவப்பு வெளுத்து ரோஸ் ஆகிவிட்டதாம்.

"எங்க ஊட்டுக்கும் ஒரு ஆடு வந்திருக்குதுங்க" என்றேன். "நல்லாத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன். ஒரு குறை இல்லீங்க."



"குறையே இல்லியா? அப்ப ரிஜெக்ட் பண்ணிருட்டி" என்றார்.